எவரெஸ்ட் படங்களும் நெய்யூர் டொக்டரின் கமராவும்

1999 ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரம். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை அப்போது நான் கவனித்து வந்தேன். எவரெஸ்டின் வடக்குச் சரிவில், ஏறத்தாழ 26,760 அடி உயரத்தில், 75 ஆண்டுகளாகக் கிடந்த ஜோர்ஜ் மலோரியின் உடல் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. வன்னிக் களமுனைச் செய்திகளுக்கே இடம் போதாதிருந்த காலம் அது. ஆயினும் இந்தச் செய்திக்கு மூன்று பத்திகளை எப்படியோ ஒதுக்கினேன். மலோரியும் அவருடைய தோழர் அன்ட்ரூ ஏர்வினும் 1924 இல் சிகரத்தைத் தொட்டார்களா இல்லையா என்பது தீராத மர்மம், அவர்கள் கொண்டு சென்ற கமரா கிடைத்தால் மர்மம் துலங்கிவிடும் என்று எழுதி, "மலோரியின் கமரா எங்கே?" என்று தலைப்பும் இட்டேன்.

பத்து நாட்களின் பின்னர் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கொழும்பில் நெடுங்காலம் வியாபாரம் செய்துவந்த முதியவர். நாகர்கோவில் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் குறிப்பிட்ட கமரா மலோரி துரையுடையதன்று. அது எங்கள் நெய்யூர் ஆசுபத்திரி சோமர்வெல் டொக்டருடையது. சிறு பிராயத்தில் எனக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர் அவர்" என்று நீல மையினால் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். உண்மையைச் சொல்வதாயின், அப்போது எனக்கு நெய்யூரும் தெரியாது, சோமர்வெல்லும் தெரியாது. கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். திருத்தம் எதுவும் வெளியாகவில்லை.

2024 ஒக்டோபரில் இன்னொரு செய்தி வந்தது. ரொங்புக் பனியாற்றின் மத்திய கிளையில், செப்டெம்பர் மாதம், ஒரு பழைய சப்பாத்தும் அதனுள் ஒரு பாதமும் கண்டெடுக்கப்பட்டன. காலுறையில் "ஏ. சி. ஏர்வின்" என்ற பெயர்ச்சீட்டுத் தைக்கப்பட்டிருந்தது. கண்டெடுத்தவர் ஜிம்மி சின். மலையேறுநர், அத்துடன் ஒஸ்கார் விருது பெற்ற திரைப்படக்காரர். 1999 இல் மலோரியைத் தேடிச் சென்ற குழுவோடும் தொலைக்காட்சிக்காரர்கள் உடன் சென்றிருந்தனர். எவரெஸ்டில் காணாமற்போன இருவரையும் மீண்டும் உலகுக்குக் காட்டியது கமராவுடன் போனவர்களே. அவர்கள் தொலைந்தபோதும், கீழே ஒரு கமரா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்று இணையத்திலும் திரைப்பட விழாக்களிலும் பெருகிக் கிடக்கும் சாகசக் குறும்படங்கள், ஆவணப்படங்கள் யாவற்றினதும் மூதாதை அந்தக் கமராதான் என்றால் மிகையாகாது.

அதை இயக்கியவர் கப்டன் ஜோன் நோயல். பிரித்தானிய இராணுவ அதிகாரி. 1913 இல் மாறுவேடத்தில் திபெத்துக்குள் நுழைந்து, எவரெஸ்டுக்கு 40 மைல் தூரம் வரை சென்று திரும்பியவர். தென்துருவம் நோக்கிச் சென்ற ஸ்கொட்டின் பயணத்தை ஹேர்பர்ட் பொன்ரிங் படமாக்கியிருந்தமையை முன்மாதிரியாகக் கொண்டு, 1922 ஆம் ஆண்டின் எவரெஸ்ட் குழுவிலே நோயல் உத்தியோகபூர்வப் படப்பிடிப்பாளராகச் சேர்ந்தார். படச்சுருளை மலையடிவாரத்திலேயே, கூடாரத்துக்குள் கழுவினார். இரசாயனங்கள் உறைந்துவிடும், காற்றோடு வரும் தூசு ஈரமான சுருளில் ஒட்டிக்கொள்ளும். விறகு கிடையாத அந்த இடத்தில், யாக் எருதின் சாண வறட்டியை எரித்து வந்த வெப்பத்தில் சுருளை உலர்த்தினார். கமராவை 23,000 அடி உயரத்திலுள்ள வடக்குக் கணவாய் வரை கொண்டு சென்றார். கொண்டு சென்றார் என்று நான் எழுதுவது வழக்கம் பற்றியே. அதன் பெட்டிகளையும் முக்காலியையும் முதுகிற் சுமந்தவர்கள் ஷேர்பாக்களும் திபெத்தியர்களும்.

1922 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் திகதி, பருவமழையின் புதுப்பனி விழுந்திருந்த நிலையில், மூன்றாவது முயற்சிக்காக மலோரி, சோமர்வெல், குரோபோர்ட் ஆகியோர் 14 சுமைகாரர்களுடன் வடக்குக் கணவாயை நோக்கி ஏறினர். பனிச்சரிவு இறங்கியது. வெள்ளையர் மூவரும் தப்பினர். பின்னால் வந்த சுமைகாரர் ஒன்பது பேர் பனிவெடிப்புக்குள் அடித்துச் செல்லப்பட்டனர். இருவர் உயிருடன் மீட்கப்பட, எழுவர் மாண்டனர். எவரெஸ்டில் மலையேற்ற வரலாறு பதிவுசெய்த முதலாவது பெருந்துயரம் இதுவே.

தியோடர் ஹொவார்ட் சோமர்வெல் அப்போது 32 வயதுச் சத்திரசிகிச்சை வைத்தியர். முதலாம் உலகப்போரிலே, 1916 இல் சோம் போர்க்களத்தில் காயமுற்றோரின் வரிசைகளுக்கு நடுவே நின்று கத்தி பிடித்தவர். அதனால் போரை வெறுத்தவர். இசைஞர், ஓவியர். மாண்ட எழுவரோடு வெள்ளையர் ஒருவராவது மாண்டிருக்கக் கூடாதா, அந்த ஒருவன் நானாக இருந்திருக்கக் கூடாதா, இழப்பிலும் நாம் பங்காளிகள் என்பதைத் தப்பியவர்கள் உணர்ந்திருப்பார்களே என்ற பொருள்பட அவர் பின்னாளில் எழுதினார். 1936 இல் வெளியான தமது நூலுக்கு அவர் வைத்த பெயர் "எவரெஸ்டுக்குப் பின்" என்பதாகும்.

மலையிலிருந்து இறங்கிய அவர் நேரே இங்கிலாந்துக்குப் போகவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில், இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில், இலண்டன் மிஷனரி சங்கத்தின் வைத்தியசாலையைக் கண்டார். நோயாளர் கூட்டம் பெரிது. சத்திரசிகிச்சை செய்யும் கைகளோ மிகக் குறைவு. இலண்டனின் பெயர்பெற்ற வைத்தியசாலையொன்றில் தமக்குக் காத்திருந்த பதவியைத் துறந்து நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். எழுவரின் மரணம்தான் அவரை அங்கே அனுப்பியது என்று கதை கட்டுவது எளிது. அப்படி எழுத நான் விரும்பவில்லை. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவர். நெய்யூரில் கண்ட தேவையே தம்மை அழைத்தது என்றே அவர் கூறினார். ஆனால் இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை என்பதையும் மறந்துவிட முடியாது.

நோயலின் 1922 ஆம் ஆண்டுப் படத்துக்கும் சோமர்வெல்லுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. பயணத்தின்போது தாம் கேட்ட நாட்டுப்புற இசையை அவர் சுரம் எழுதி வைத்திருந்தார். அது மேற்கத்திய வாத்தியங்களுக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டு, அந்த மௌனப் படத்துக்குப் பின்னணியாக வாசிக்கப்பட்டது.

1924 ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. நோயல் ஒரு கம்பனியை ஆரம்பித்து, படம் மற்றும் ஒளிப்பட உரிமைகள் அனைத்துக்கும் 8,000 பவுணைச் செலுத்தினார். அக்காலத்தில் இது பெருந்தொகை. அதாவது, மலையேறுநர் புறப்படு முன்னரே அவர்களின் வெற்றி விற்கப்பட்டுவிட்டது. இன்று குளிர்பானக் கம்பனிகளும் உடைக் கம்பனிகளும் சாகச வீரர்களுக்குப் பணம் கொடுத்துப் படம் எடுப்பதைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைப்போர், இந்த ஏற்பாட்டுக்கு நூறு வயது கடந்துவிட்டதை அறிந்தால் வியப்படையமாட்டார்கள்.

இம்முறை நோயல் நியூமன்-சின்கிளெயர் கமராவுடனும் தூரக்காட்சி வில்லையுடனும் வந்தார். எடுத்த சுருள்கள் டார்ஜீலிங்குக்கு அனுப்பப்பட்டு அங்கே கழுவப்பட்டன. ஏறத்தாழ 22,000 அடி உயரத்தில், கழுகுக் கூடு என்று தாம் பெயரிட்ட பாறையிலிருந்து, ஒன்றரை மைலுக்கும் அப்பால் ஏறிச் செல்லும் மனிதரைப் படம் பிடித்தார். பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 2013 இல் புதுப்பித்து வெளியிட்ட பிரதியை நான் கண்டேன். வெண்பனிப் பரப்பில் எறும்புகளென ஊரும் கரும்புள்ளிகள். அத்தொலைவில் துரை யார், சுமைகாரர் யார் என்று பிரித்தறிய முடியாது. அந்தப் படத்தில் எல்லோரும் சமமாகத் தெரியும் இடம் அதுவொன்றுதான். கமரா அருகில் வரும்போது நிலைமை வேறு. திபெத்தியர் வாழ்நாள் முழுவதும் குளிப்பதே இல்லை என்ற பொருள்பட எழுத்துகள் திரையில் ஓடுகின்றன.

மே 24 ஆம் திகதி படத்துக்கு வெளியே ஒரு சம்பவம் நடந்தது. நான்கு சுமைகாரர்கள் வடக்குக் கணவாயில் தனித்துச் சிக்கிக்கொண்டனர். இருமலாலும் நோயாலும் நலிந்திருந்த நோர்ட்டன், மலோரி, சோமர்வெல் மூவரும் அவர்களை இறக்கிவர மேலே ஏறினர். 1922 இல் சரிந்தது போன்ற அதே வகைப் பனிச்சரிவு. கயிறு கட்டியபடி குறுக்கே சென்றவர் சோமர்வெல். கயிற்றின் நீளம் முடிந்துவிட்டது. இன்னும் சில அடி தூரம் எஞ்சியிருந்தது. அவர்களைத் தம்மை நோக்கி வரச் சொன்னார். இருவர் வந்துவிட்டனர். மற்ற இருவர் வழுக்கிச் சரிந்து, பள்ளத்தின் விளிம்புக்குச் சற்று முன்னே நின்றுபோயினர். அவர் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியை ஒரு கையிற் பற்றி, மறுகையை நீட்டி, ஒவ்வொருவராக எட்டிப் பிடித்தார். நால்வரும் பிழைத்தனர். இந்த மீட்பினால் ஏறுவோரின் எஞ்சிய வலுவும் கரைந்தது என்று பிற்கால ஆசிரியர்கள் பலர் கணக்கெழுதியுள்ளனர். சோமர்வெல் அப்படிக் கணக்கு வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஜூன் 4 ஆம் திகதி நோர்ட்டனும் சோமர்வெல்லும் ஒட்சிசன் இன்றிச் சிகரத்துக்கு முயன்றனர். ஏறத்தாழ 28,000 அடியில் சோமர்வெல் தொண்டை வலியால் உட்கார்ந்துவிட்டார். நோர்ட்டன் தனியே 28,126 அடி வரை சென்று திரும்பினார். அவர் போவதைத் தம் சிறு கொடாக் கமராவால் சோமர்வெல் எடுத்த ஒளிப்படம் அன்றைக்கு உலகிலேயே மிக உயரத்தில் எடுக்கப்பட்டதாகும். இறங்கும்போது அவருடைய தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சுவிட முடியாமல் பனியில் அமர்ந்து சாவை எதிர்பார்த்தவர், கடைசியாக மார்பை இரு கைகளாலும் அழுத்தி இருமியபோது, தொண்டையின் உட்சவ்வே கழன்று வெளியே வந்தது. மூச்சு வந்தது. வடக்குக் கணவாயில், அடுத்த முயற்சிக்குத் தயாராக இருந்த மலோரியைச் சந்தித்தார். மலோரி எதையும் மறந்துவைப்பதிற் பேர்போனவர். கமராவும் அவரிடம் இல்லை. சோமர்வெல் தம்முடையதைக் கொடுத்தார்.

ஜூன் 8 ஆம் திகதி நண்பகலின் பின்னர், மேகம் விலகிய சில நிமிடங்களில், நோயல் ஒடெல் என்பவர் மேலே இரு உருவங்களைக் கண்டார். (இந்த நோயல் வேறு, படம் எடுத்த நோயல் வேறு. பெயர் மயக்கத்தால் இருவரையும் ஒருவராக்கி எழுதிய கட்டுரைகளை நானே கண்டிருக்கிறேன்.) அதன் பின்னர் அவர்களை எவரும் உயிருடன் காணவில்லை. வடக்குக் கணவாயில் ஆறு போர்வைகள் பனியின்மீது சிலுவை வடிவில் விரிக்கப்பட்டன. மரணத்தைக் கீழேயிருப்போருக்கு அறிவிக்கும் சமிக்ஞை அது. கமரா அதையும் பதிவுசெய்தது.

சிகர வெற்றியை விற்க இருந்த கம்பனிக்குக் கையில் எஞ்சியது இரண்டு மரணங்கள். 1924 டிசெம்பரில் "த எபிக் ஒஃப் எவரெஸ்ட்" என்ற அந்தப் படம் இலண்டனில் திரையிடப்பட்டபோது, கூட்டம் சேர்ப்பதற்காக நோயல் திபெத்திலிருந்து ஏழு பௌத்த துறவிகளை அழைத்து வந்து மேடையில் ஆடச் செய்தார். சமயச் சடங்குகள் இலண்டன் அரங்கில் நுழைவுச்சீட்டுக்கு விற்கப்பட்டமை லாசாவைக் கொதிக்க வைத்தது. ஒருவர் குழந்தையின் தலையில் பேன் எடுத்து உண்ணும் காட்சியும் திபெத்தியரை அவமதிப்பதாகக் கொள்ளப்பட்டது. துறவிகளைத் திருப்பியனுப்புமாறு பதின்மூன்றாவது தலாய் லாமாவின் அரசு கோரியது. 1933 வரை பிரித்தானியக் குழு எதற்கும் எவரெஸ்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. இலண்டனிலுள்ள எவரெஸ்ட் குழுவோ, படத்தைப் பற்றிப் பேசாமல், அனுமதியின்றி வேறு பகுதிகளில் நில அளவை செய்த ஹஸார்ட் என்ற உறுப்பினரின்மீது பழியைச் சுமத்தியது. ஒரு திரைப்படம் ஒரு மலையை ஒன்பது ஆண்டுகளுக்குப் பூட்டிவைத்த வரலாறு வேறெங்கும் உண்டோ?

இக்கதையின் ஏனைய கட்டங்களை விரைவாகக் கடக்கலாம். 1953 இல் ரொம் ஸ்ரொபார்ட் எடுத்த படம் ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவரோ அவருடைய கமராவோ சிகரத்துக்குப் போகவில்லை; உயர்ந்த பகுதிகளை ஜோர்ஜ் லோவ் என்ற மலையேறுநர் எடுத்துக் கொடுத்தார். சிகரத்தில் நின்ற டென்சிங்கை ஹிலாரி ஒளிப்படம் எடுத்தார். உலகம் அறிந்த அந்த ஒரு படத்தில் மட்டும் சுமை தூக்கியவர்களின் இனத்தவர் நடுவில் நிற்க, துரை கமராவின் பின்னால் நின்றார்.

1970 இல் ஜப்பானியரான யூய்ச்சிரோ மியூரா, முதுகில் பரசூட்டுடன் தெற்குக் கணவாய்ச் சரிவிலிருந்து பனிச்சறுக்கிக் கீழிறங்கினார். இதைக்கொண்டு கனடாவில் ஆக்கப்பட்ட படம் 1975 ஆம் ஆண்டின் சிறந்த முழுநீள ஆவணப்படத்துக்கான ஒஸ்காரைப் பெற்றது. மியூரா சறுக்கியது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. அந்த இரண்டரை நிமிடத்துக்கான பொருட்களை ஏற்றும் வேலையில், கும்பு பனிவீழ்ச்சியில், அதற்கு ஒரு மாதம் முன்னரே ஆறு ஷேர்பாக்கள் இறந்திருந்தனர். அந்த மரணங்களைப் படம் மறைக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் தலைப்பில் இருப்பவர் ஒருவர்தான்: "எவரெஸ்டில் சறுக்கி இறங்கிய மனிதன்".

இடையில் 1972 இல் மைக் ஹூவர் எடுத்த "சோலோ" என்ற குறும்படம் வந்தது. கால் மணி நேரப் படம். ஒரு மனிதன் தனியே மலை ஏறுகிறான், அவ்வளவே. வழியில் பாறை வெடிப்பில் அவன் காணும் ஒரு தவளையைப் படம் பார்த்த எவரும் மறப்பதில்லை. தனிமையின் இன்பத்தை இவ்வளவு அழகாகச் சொன்ன படம் குறைவு. எனினும் பழைய பத்திரிகைக்காரப் புத்தி விடுவதில்லை. தனியே ஏறுபவனை மேலிருந்து படம் எடுத்தவர் யார்? அவர் எப்போது ஏறினார்? 1952 இல் இத்தாலியின் திரென்ரோ நகரிலும் 1976 இல் கனடாவின் பன்ஃப் நகரிலும் தொடங்கிய மலைத் திரைப்பட விழாக்கள் இத்தகைய குறும்படங்களை உலகெங்கும் கொண்டு சென்றன. 2018 இல் வெளிவந்த "ஃப்ரீ சோலோ" படத்தில் ஜிம்மி சின் அந்தக் கேள்வியையே கதையாக்கினார். கயிறின்றி ஏறும் அலெக்ஸ் ஹொனோல்டைப் படம் பிடிப்பவர்கள், தாங்கள் அங்கே இருப்பதே அவரைக் கொன்றுவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். கீழே நிற்கும் ஒரு படப்பிடிப்பாளர் பார்க்கச் சகியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆனால், கமராவைச் சுமந்தவன் பக்கம் கமரா திரும்புவதற்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷேர்பாக்களைப் பற்றிப் படம் எடுக்கவென ஆஸ்திரேலியரான ஜெனிபர் பீடம் எவரெஸ்டில் இருந்தபோது, ஏப்ரல் 18 ஆம் திகதி கும்பு பனிவீழ்ச்சியில் பனிக்கட்டிகள் சரிந்து 16 நேபாளியர் மாண்டனர். எஞ்சியோர் ஏற மறுத்தனர். அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது. 2015 இல் வெளியான "ஷேர்பா" என்ற படத்திலே, பணம் கட்டிவந்த வெளிநாட்டார் கூடாரத்தில் இருந்து சினந்துகொள்வதையும், தொழிலாளர் கூட்டம் கூடிப் பேசுவதையும் ஒருசேரக் காணலாம். 1922 க்கும் 2014 க்கும் இடையே 92 ஆண்டுகள்.

சோமர்வெல் 1924 இன் பின்னர் நெய்யூருக்குத் திரும்பினார். இரண்டாம் உலகப்போரின் பின்னரும் அங்கே பணியாற்றி, பிற்பாடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்து, 1961 இல் இங்கிலாந்து சென்றார். 1975 இல் காலமானார். அவருடைய கமரா இன்னும் கிடைக்கவில்லை. 1999 இல் மலோரியின் உடலுடன் அது இருக்கவில்லை. ஆகவே ஏர்வினிடம் இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஏர்வினின் பாதம் கிடைத்த சரியான இடத்தை, நினைவுப் பொருள் தேடுவோருக்கு அஞ்சி, ஜிம்மி சின் வெளியிடவில்லை. குளிரில் உறைந்த சுருளிலிருந்து இன்றும் படம் எடுக்க முடியலாம் என்று நிபுணர் கூறுகின்றனர்.

நீல மைக் கடிதம் எழுதிய முதியவரை நான் சந்திக்கவில்லை. சில ஆண்டுகளின் பின் அவருடைய முகவரிக்குச் சென்றபோது அங்கே கைத்தொலைபேசிக் கடை இருந்தது. கடிதம் என்னிடம் உள்ளது. அவர் கேட்டிருந்ததை இங்கே போடுகிறேன்.

திருத்தம்: 1999 மே மாதம் வெளியான செய்தியொன்றில் "மலோரியின் கமரா" என இருந்ததை "டொக்டர் சோமர்வெல்லின் கமரா" எனத் திருத்தி வாசிக்கவும்.